சமையல் கத்தியை நாமே செய்யலாம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சமையல் கத்தியை வீட்லயே கையால செய்யறது பத்தி எழுதியிருந்தேன். பட்டை இரும்பை வாங்கி, வடிவமா வெட்டி, அரம் போட்டு, சூடு பண்ணி எண்ணெயில முக்கி, கைப்பிடி மாட்டி கூர் வைக்கிற வரைக்கும் மேலோட்டமாத்தான் சொல்லியிருந்தேன், ஆனா வந்திருக்கிற கேள்விகளைப் பார்த்தா நெறைய பேர் ஏற்கனவே அரத்தை கையில எடுத்துட்டாங்கன்னு தெரியுது. ரொம்ப சந்தோஷமா இருக்கு. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: எங்க ஏரியா மெக்கானிக் ஷெட்ல பழைய லாரி பட்டை சும்மாவே தர்றாங்க சார். அருவாளே அதுலதான் அடிக்கிறாங்க, கத்திக்கும் அதையே எடுத்துக்கலாமா?
கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: தம்பி, லாரி பட்டை, அதாவது லாரிக்கு அடியில இருக்கிற ஸ்பிரிங் பட்டை, நல்ல இரும்புதான். நம்ம ஊர் கொல்லர்கள் அருவாளுக்கு அதைத் தேடிப் பிடிச்சு வாங்குறதுக்கு காரணம் இருக்கு, ஸ்பிரிங்குக்குன்னு செஞ்ச இரும்பு அடி தாங்கும், வளைஞ்சாலும் திரும்பும், மரத்துல ஓங்கிப் போட்டாலும் சட்டுனு உடையாது. அதுல கார்பன் சுமாரா 0.5ல இருந்து 0.6 சதவீதம்தான் இருக்கும். அருவாளுக்கு அது சரி. வெங்காயம் பொடியா நறுக்குற கத்திக்கு இன்னும் கொஞ்சம் கார்பன் இருந்தா நல்லது, கூர் ரொம்ப நாள் நிக்கும்.

அதைவிட பெரிய சிக்கல் கனம். பட்டை 8 எம்எம், 10 எம்எம், சிலது அதுக்கும் மேல இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டரை, மூணு எம்எம். அதை அடிச்சு அடிச்சு மெலிசாக்க உலை வேணும், பட்டறைக்கல் வேணும், சம்மட்டி பிடிக்க இன்னொரு ஆள் வேணும். இதெல்லாம் இருந்தாலும் வருஷக்கணக்கா லோடு தாங்கின பட்டையில கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், நீங்க எல்லா வேலையும் முடிச்சு எண்ணெயில முக்குற அன்னிக்குத்தான் அது வெளிய தெரியும். முதல் கத்திக்கு இவ்வளவு ரிஸ்க் வேணாம்.

காசு குடுத்து தெரிஞ்ச ஸ்டீலா வாங்குங்க, 1084னு கேளுங்க, கிடைக்கலன்னா 1080 இல்ல 1075. இந்த நம்பர்ல முதல்ல வர்ற 10ங்கறது சாதா கார்பன் ஸ்டீல்னு சொல்லுது, கடைசி ரெண்டு நம்பர் கார்பன் அளவு, அதாவது 84ன்னா 0.84 சதவீதம் பக்கம். இந்த அளவு கார்பன் இருக்கிற ஸ்டீல்தான் வீட்ல சூடு பண்றவங்களுக்கு ரொம்ப ஒத்துழைக்கும், குறிப்பிட்ட சூட்டுல பத்து நிமிஷம் ஆடாம அசையாம வச்சிருக்கணும்ங்கற கட்டாயம் கிடையாது. 3 எம்எம் கனம், 40ல இருந்து 50 எம்எம் அகலம், அனீல் பண்ணின, அதாவது சூடு பண்ணி மெதுவா ஆற விட்டு மெத்துனு ஆக்கின பட்டைன்னு கேட்டு வாங்குங்க, அப்பதான் அரம் கடிக்கும்.

லேத் பட்டறையில கேட்டா ஈஎன் 8 எடுத்து நீட்டுவாங்க, அதை வாங்காதீங்க, அதுல 0.4 சதவீதம்தான் கார்பன், ஷாஃப்டுக்கு ஆகும், கத்திக்கு ஆகாது. ஈஎன் 31 பேரிங் ஸ்டீல், ஒரு சதவீதம் கார்பன், கூடவே குரோமியம், அருமையான கத்தி வரும், ஆனா சூட்டை சரியா பிடிச்சு நிறுத்தி வைக்க ஃபர்னஸ் வேணும். அதை ரெண்டாவது மூணாவது கத்திக்கு வச்சுக்கலாம்.

காயலாங்கடை இரும்புதான் எடுப்பேன்னு இருந்தா ஒரு சின்ன சோதனை பண்ணிடுங்க. ஓரத்துல ஒரு விரல் நீளம் வெட்டி எடுத்து, செக்கச்செவேல்னு சூடு பண்ணி, எண்ணெயில முக்கி, வைஸ்ல பிடிச்சு துணி போர்த்தி சுத்தியலால ஒரு தட்டு தட்டுங்க. படக்னு உடைஞ்சு உள்ள சாம்பல் நிறத்துல வழவழன்னு தெரிஞ்சா கத்திக்கு ஆகும். வளைஞ்சு குடுத்துச்சுன்னா அது வேற வேலைக்கு.

கேள்வி: நாங்க இருக்கிறது அப்பார்ட்மென்ட், மூணாவது மாடி. உலை வைக்கவும் முடியாது, கிரைண்டர் ஓட்டினா கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. பால்கனியில உட்கார்ந்து கத்தி செய்ய வழி இருக்கா?
வாசகி, வேளச்சேரி

பதில்: இருக்கும்மா, ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி அரம் மட்டும். அடிக்கிற வேலையே இல்லாம, பட்டையில வடிவத்தை வரைஞ்சு, ஹாக்ஸால வெட்டி, அரத்தால தேய்ச்சு சரிவு எடுக்கறது. உலகம் பூரா பொழுதுபோக்கா கத்தி செய்யறவங்க நெறைய பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. ஒரு பலகையை டேபிள்ல சி கிளாம்ப் போட்டு இறுக்கி, அதுமேல பட்டையை ரெண்டு ஸ்க்ரூ வச்சு நிறுத்திக்குங்க. 12 இன்ச் பாஸ்டர்டு அரம் (சொரசொரப்பானது) ஒண்ணு, 8 இன்ச் ஸ்மூத் அரம் (நைஸானது) ஒண்ணு போதும். முதல்ல கூர் வரப்போற ஓரத்துல மார்க்கர் பேனாவால கறுப்பா பூசிட்டு, நடுவுல ரெண்டு கோடு கீறிக்குங்க, அந்த ரெண்டு கோட்டுக்கும் இடையில ஒரு எம்எம் இருக்கட்டும், அதுக்கு கீழ இப்ப போகக்கூடாது. அப்புறம் அரத்தை ரெண்டு கையாலயும் ரெண்டு முனையில பிடிச்சு, பட்டைக்கு குறுக்க வச்சு, நீளவாக்குல உங்க பக்கமா இழுங்க. இப்படி இழுக்கும்போது தூள் மெல்லிசு சுருளா வரும், தேய்ச்ச இடம் பளபளன்னு ஒரே தளமா தெரியும். அரத்துப் பல்லுல இரும்புத்தூள் அடைச்சுக்கும், அடிக்கடி பித்தளை பிரஷ்ஷால தட்டிடணும், இல்லன்னா அந்தத் தூளே கீறல் போடும், அப்புறம் அந்தக் கீறலை உப்புத்தாள் போட்டு எடுக்கறதுக்குள்ள கை வலிச்சிடும். அரத்துல சாக்பீஸைத் தடவி வச்சா தூள் ஒட்டறது குறையும். கைப்பிடி ஆணிக்கு ஓட்டை போடறதை சூடு பண்றதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. கடைசியில ஹீட் ட்ரீட்மென்ட்டை, அதாவது சூடு பண்ணி கடினமாக்கற வேலையை மட்டும் வெளிய குடுத்துடலாம், அம்பத்தூர் பக்கம், கோவைப் பக்கம் இதையே தொழிலா பண்ற பட்டறைகள் இருக்கு, என்ன ஸ்டீல், எவ்வளவு ஹார்ட்னஸ் வேணும்னு எழுதிக் குடுத்துடணும். 1084ன்னா 60 எச்.ஆர்.சி பக்கம் கேளுங்க, எச்.ஆர்.சிங்கறது கடினத்தை அளக்குற ராக்வெல் அளவு.

ரெண்டாவது வழி, பவர் ஹாக்ஸா பிளேடு. பட்டறையில இரும்புக் கம்பி அறுக்கிற பெரிய மெஷின்ல மாட்டுற பிளேடு, பல் தேஞ்சதும் தூக்கிப் போட்டுடுவாங்க. அது முழுக்க ஹை ஸ்பீடு ஸ்டீல்னா (இரும்பை வெட்டற கருவிகளுக்குன்னே செஞ்ச ஸ்டீல்) ஏற்கனவே ஹார்டன் பண்ணினதுதான், உலையே வேணாம். இதுல ஒரு பெரிய சௌகரியம் இருக்கு, சாதா கார்பன் ஸ்டீலை கிரைண்டர்ல வச்சு நீல நிறம் வந்துட்டா அந்த இடம் மெத்துனு ஆகிடும், ஹை ஸ்பீடு ஸ்டீல் 500 டிகிரி வரைக்கும்கூட அசராது. ஆனா அரம் இதைக் கடிக்காது, கிரைண்டர்தான் வேணும், அதனால இதை உங்க சொந்தக்காரங்க யார் வீட்டு மாடியிலயாவது வச்சுக்குங்க. ஓட்டையும் போட முடியாது, பிளேடோட ரெண்டு முனையிலயும் ஏற்கனவே ஒவ்வொரு ஓட்டை இருக்கும், அதுல ஒண்ணை கைப்பிடிக்குள்ள வர்ற மாதிரி வடிவத்தை வரைஞ்சுக்குங்க. வாங்கும்போது இன்னொண்ணையும் பார்க்கணும், பைமெட்டல்னு போட்டிருந்தா பல் இருக்கிற ஓரம் மட்டும்தான் ஹை ஸ்பீடு ஸ்டீல், மத்த இடம் வேற, பல்லைத் தேய்ச்சு எடுத்துட்டா மிச்சம் இருக்கிறதுல கூர் நிக்காது.

கேள்வி: 1084 பட்டைதான் வாங்கினேன். கரி அடுப்புல நல்லா சிவக்க வச்சு பக்கெட் தண்ணியில முக்கினேன், டிங்குனு ஒரு சத்தம், எடுத்துப் பார்த்தா கூர் பக்கத்துல இருந்து நடு வரைக்கும் விரிசல். எங்க தப்பு?
வாசகர், ஈரோடு

பதில்: அந்த டிங்குங்கற சத்தம் கேட்டா எவ்வளவு மனசு உடையும்னு தெரியும். தப்பு தண்ணியிலதான், ஆனா அது மட்டும் இல்ல, முழுசா சொல்றேன், இந்தப் பதிலை மத்தவங்களும் கொஞ்சம் பொறுமையா படிங்க.

இரும்பை சிவக்க வச்சு சட்டுனு குளிர வைக்கும்போது அதோட உள் அமைப்பே மாறி கடினமாகுது, மாறும்போது லேசா பெருக்கவும் செய்யுது. தண்ணியில போட்டா வெளிப்பக்கம் முதல்ல கடினமாகி இறுகிடும், உள்பக்கம் அப்புறமா மாறி பெருக்கப் பார்க்கும், வெளிய இருக்கிறது வழி விடாது, கிழிஞ்சிடும். எண்ணெய் கொஞ்சம் நிதானமா குளிர வைக்கும், 1084க்கு அந்த வேகம் போதும்.

எண்ணெய் எதுன்னா சாதா சன்ஃபிளவர் ஆயில் போதும். நாலஞ்சு லிட்டர், உயரமான இரும்பு இல்ல எவர்சில்வர் பாத்திரத்துல, பக்கத்துலயே அதை மூட ஒரு இரும்பு மூடி. பிளாஸ்டிக் பக்கெட் கிட்டயே வரக்கூடாது. எண்ணெயை 50, 60 டிகிரிக்கு சூடு பண்ணிக்கணும், ஏன்னா பச்சை எண்ணெய் கெட்டியா இருக்கும், கத்தியைச் சுத்தி சரியா ஓடாது, லேசா சூடான எண்ணெய்தான் வேகமா குளிர வைக்கும். கேட்க விநோதமா இருந்தாலும் அதுதான் நிஜம்.

அடுத்தது எவ்வளவு சூடு. நல்லா சிவக்க வச்சேன்னு எழுதியிருக்கீங்க, அந்த நல்லாங்கறதுலதான் பாதி கத்தி போயிடுது. வெயில்ல பார்த்தா கம்மியா சிவந்த மாதிரி தெரியும், இருட்டுல பார்த்தா அதே சூடு பயங்கரமா தெரியும். பொழுது சாஞ்சப்புறம், நிழல்ல, எப்பவும் ஒரே வெளிச்சத்துல பண்ணுங்க. ஒரு காந்தத்தை கம்பியில கட்டித் தொங்க விடுங்க. 770 டிகிரி பக்கம் இரும்பு காந்தத்துல ஒட்டறதை நிறுத்திடும். அங்கயே முக்கிடாதீங்க, நமக்கு வேண்டியது 815 டிகிரி பக்கம், அதாவது காந்தம் விட்டதுக்கப்புறம் இன்னும் ஒரு படி பிரகாசம். இதைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி இருக்கு, வீட்டு தூள் உப்பு 801 டிகிரில உருகும். சூடான கத்தி மேல ஒரு சிட்டிகை தூவிப் பாருங்க, உப்பு தண்ணியா உருகி ஓடினா சரியான இடத்துக்கு வந்தாச்சு. கல்லுப்பு போடாதீங்க, வெடிச்சு மூஞ்சிக்குத் தெறிக்கும். வேலை முடிஞ்சதும் உப்பு போக கழுவித் தொடைச்சிடணும்.

கொட்டாங்கச்சி கரி நல்ல சூடு தரும், பழைய ஹேர் டிரையரை வச்சு காத்து விட்டா போதும். ஆனா காத்து வர்ற இடத்துல சூடு அதிகமா இருக்கும், கத்தி முனை மெலிசா இருக்கிறதால அதுதான் முதல்ல அளவுக்கு மேல சூடாகி வெளுத்துடும். கத்தியை முன்னும் பின்னுமா நகர்த்திக்கிட்டே இருங்க, முதுகுப் பக்கம் நெருப்புல, கூர் மேல பார்த்து. அடுப்புக்கு காத்துக் குழாயா ஜிஐ பைப் போடக்கூடாது, அதுல பூசியிருக்கிற துத்தநாகம் சூட்டுல புகையாகி, சுவாசிச்சா காய்ச்சல் வரும். எல்லாம் திறந்த வெளியிலதான், மூடின ரூம்ல கரி எரிச்சா வர்ற வாயுவுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும்.

முக்குறதுக்கு முன்னாடி இன்னொரு வேலை இருக்கு, யாரும் இதைச் செய்யறதில்ல. காந்தம் விடுற சூட்டுக்கு கொஞ்சம் மேல கொண்டு போய், வெளிய எடுத்து சும்மா காத்துல கறுக்கற வரைக்கும் ஆற விடணும். இதை மூணு தடவை. உள்ள இருக்கிற மணிமணியான அமைப்பு சின்னதாகும், வெட்டும்போதும் தேய்க்கும்போதும் ஏறின இறுக்கமெல்லாம் இறங்கும். விரிசல் வராம இருக்கறதுக்கு தண்ணிக்கு பதில் எண்ணெய் எவ்வளவு முக்கியமோ இதுவும் அவ்வளவு முக்கியம். கூர் ஓரத்தை ஒரு எம்எம் கனத்துல நிறுத்தச் சொன்னதும் இதுக்குத்தான், அதைவிட மெலிசா இருந்தா வளையும், கிழியும்.

இப்ப தோய்ச்சல், அதாவது எண்ணெயில முக்குறது. நெருப்புல இருந்து எண்ணெய்க்கு ஓரிரு செகண்டுக்குள்ள போயிடணும், அதனால எண்ணெய்ப் பாத்திரம் கை எட்டுற தூரத்துல இருக்கட்டும். முனை கீழ பார்த்து நேரா இறக்கி, மேலயும் கீழயும் அசைங்க. பக்கவாட்டுல ஆட்டினா கத்தி கோணிக்கும். பத்து செகண்ட் கழிச்சு வெளிய எடுத்து, கண்ணுக்கு நேரா வச்சு பாருங்க, கோணல் இருந்தா தோல் கையுறை போட்டு ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு அழுத்துங்க, சில செகண்டுக்குத்தான் அது வளைஞ்சு குடுக்கும், அப்புறம் தொட்டா உடையும். ஆறினதும் பழைய அரத்தால கூர் ஓரத்துல தேய்ச்சுப் பாருங்க, கடிக்காம வழுக்கிட்டுப் போனா கடினமாகியிருக்கு.

இதோட நிறுத்தினா கீழ விழுந்தாலே ரெண்டா போயிடும். அன்னிக்கே டெம்பர் பண்ணணும், அதாவது மிதமான சூட்டுல வச்சு அந்த உடையற தன்மையைக் குறைக்கணும். கேக் செய்யற ஓடிஜி இருந்தா போதும், 200 டிகிரி, ரெண்டு மணி நேரம், ஆற விட்டு மறுபடியும் ரெண்டு மணி நேரம். ஓடிஜி டயல்ல இருக்கிற நம்பரை நம்பாதீங்க, உள்ள வைக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வைங்க, ஒரு தட்டுல மணலைக் கொட்டி அதுல கத்தியைப் புதைச்சு வச்சா சூடு ஏறி இறங்கறது தெரியாது. பளபளன்னு தேய்ச்ச இடத்துல லேசான வைக்கோல் மஞ்சள் வந்தா சரி. நீலம் வந்தா சூடு 300 பக்கம் போயிடுச்சுன்னு அர்த்தம், ரொம்ப மெத்துனு ஆகியிருக்கும்.

கேள்வி: எண்ணெய்க்கு பதில் ஒர்க்‌ஷாப்ல கிடைக்கிற பழைய இன்ஜின் ஆயில் போடலாமா?
வாசகர், ஓசூர்

பதில்: வேணாங்க. அதுல என்னென்ன உலோகத்தூள், என்னென்ன கெமிக்கல் கலந்திருக்கும்னு சொல்லவே முடியாது, சூடான இரும்பு பட்டதும் அத்தனையும் புகையா உங்க மூஞ்சிக்கு வரும். சாப்பாட்டுல படப்போற கத்திக்கு சமையல் எண்ணெயே போதும்.

கேள்வி: கத்தி செஞ்சு முடிச்சேன், பேப்பரை சரக்குனு கிழிக்குது. ஆனா கேரட் வெட்டினா வெட்டாம பிளக்குது, உருளைக்கிழங்குல நடுவுல மாட்டிக்குது. உறுதியா இருக்கட்டும்னு 4 எம்எம்ல செஞ்சேன்.
வாசகர், கோவை

பதில்: உங்க கேள்வியிலயே பதில் இருக்குங்க, அந்த 4 எம்எம். நான் இந்தப் பகுதியில வேற எதையும் ஞாபகம் வச்சுக்கலன்னாலும் பரவாயில்ல, இதை வச்சுக்குங்க, சமையல் கத்தி மெலிசா இருக்கணும். கூர்ங்கறது முதல்ல தோலைத் திறக்கறதோட சரி, அதுக்கப்புறம் கேரட்டுக்குள்ள இறங்கிப் போறது கத்தியோட மொத்த உடம்பும். உடம்பு கனமா இருந்தா விறகு பிளக்கிற கோடாலி மாதிரி ரெண்டு பக்கமும் தள்ளிக்கிட்டே போகும், கேரட் டக்குனு பிளந்து ஒரு துண்டு ஸ்டவ் பக்கம் பறக்கும்.

வெர்னியர் இருந்தா உங்க வீட்ல இருக்கிற கடையில வாங்கின நல்ல கத்தி ஒண்ணை அளந்து பாருங்க. முதுகு கைப்பிடி பக்கத்துல ரெண்டு, ரெண்டரை எம்எம் இருக்கும், முனைக்கு வர வர ஒரு எம்எம் பக்கம் இறங்கிடும். கூருக்கு கொஞ்சம் மேல, அதாவது கூர் சரிவு ஆரம்பிக்கிற இடத்துல, 0.2ல இருந்து 0.3 எம்எம்தான் இருக்கும். உங்க கத்தியில அந்த இடம் அநேகமா ஒரு எம்எம்மே இருக்கும், டெம்பர் பண்ணினதுக்கப்புறம் அங்க கை வைக்காம நேரா கூர் போட்டிருப்பீங்க. முதல் கத்தி செய்யற எல்லாருமே இங்கதான் நிறுத்திடறாங்க, மெலிசாக்கினா உடைஞ்சிடுமோன்னு ஒரு பயம். எலும்பு வெட்ட வேற கத்தி இருக்கு, தேங்காய் உடைக்க அருவாள் இருக்கு, இது காய்க்கு, இதுக்கு அவ்வளவு உடம்பு தேவையே இல்ல.

அதனால அந்தக் கத்தியை ஓரங்கட்டிடாதீங்க. முதுகுல இருந்து கூர் வரைக்கும் ஒரே சரிவா, ரெண்டு பக்கமும் தேய்ச்சு எடுங்க. கிரைண்டர்ல பண்றதா இருந்தா வெறும் கையால பிடிங்க, ஒவ்வொரு தடவையும் தண்ணியில முக்கி எடுங்க, விரலுக்கு சூடு தாங்கலன்னா கத்திக்கும் தாங்காது, ஓரத்துல லேசா நிறம் மாறினாகூட அந்த இடத்துல டெம்பர் போயிடுச்சு. பொறுமை இருந்தா 120 உப்புத்தாளை தட்டையான பலகையில ஒட்டி தண்ணி விட்டு தேய்க்கலாம், நேரம் ஆகும், ஆனா கத்தி கெடாது. கடைசி கூர் ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி. இதை முடிச்சுட்டு அதே கேரட்டை வெட்டிப் பாருங்க, வித்தியாசத்தை நான் சொல்லவே வேண்டாம்.

கேள்வி: ஆன்லைன்ல அலை அலையா கோடு போட்ட டமாஸ்கஸ் கத்தி விக்கிறாங்களே, அது நம்ம பழைய தமிழ்நாட்டு உருக்கு தானா? வீட்ல செய்ய முடியுமா?
ஆசிரியர், சேலம்

பதில்: ரெண்டும் வேற வேற ஐயா. இப்ப விக்கிறது ரெண்டு வகை ஸ்டீலை அடுக்கடுக்கா வச்சு, உலையில காய்ச்சி அடிச்சு ஒட்ட வச்சது. பெரும்பாலும் 1095ம், நிக்கல் ரெண்டு சதவீதம் கலந்த 15என்20ம் சேர்ப்பாங்க. முடிஞ்சதும் ஃபெரிக் குளோரைடுங்கற இரும்பை அரிக்கிற கரைசல்ல முக்கினா நிக்கல் இருக்கிற அடுக்கு வெளுப்பா நிக்கும், மத்தது கறுக்கும், அதுதான் அந்தக் கோடு. அமெரிக்காவுல இந்த முறையை இந்தக் காலத்துல திரும்பக் கொண்டு வந்து 1973ல காட்டினவர் பில் மோரன்னு ஒரு கத்திக் கொல்லர், அவர்தான் 1976ல அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டியைத் தொடங்கினவர்கள்ல முக்கியமானவர்.

நம்ம உருக்கு வேற கதை. மூசைங்கற உலோகம் உருக்குற மண் பாத்திரத்துக்குள்ள இரும்பையும், கரியோ மரத்துண்டோ இலையோ வச்சு மூடி, உலையில மணிக்கணக்கா காய்ச்சி உருக வச்சு, மெதுவா ஆற விட்டு கட்டியா எடுப்பாங்க. ஈரோடு மாவட்டத்துல நொய்யல் கரையில இருக்கிற கொடுமணல்ல அகழாய்வு பண்ணினப்ப இரும்பு, உருக்கு செஞ்ச உலைகளோட தடயம் கிடைச்சிருக்கு. இந்தக் கட்டியில அடிச்ச கத்தியில வர்ற கோடு ஒட்ட வச்ச அடுக்கு இல்ல, உருக்குக்குள்ளயே இரும்பும் கார்பனும் சேர்ந்த கார்பைடு மணிகள் வரிசை கட்டி நிக்கறதால வர்றது. வெளிநாட்டுக்காரங்க இதை வூட்ஸ்னு சொன்னாங்க. மின்சாரத்துல பெரிய கண்டுபிடிப்பெல்லாம் பண்றதுக்கு முன்னாடி மைக்கேல் ஃபாரடே லண்டன்ல ஜேம்ஸ் ஸ்டோடார்ட்ங்கற கத்தி செய்யறவரோட சேர்ந்து இந்த வூட்ஸைத்தான் ஆராய்ஞ்சாரு, 1820லயும் 1822லயும் அதைப் பத்தி எழுதினாங்க. சேலத்துல இருந்து இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு தனி சந்தோஷம், பழைய உருக்கைப் பத்தி பேசினா சேலம் பேர் வராம இருக்காது.

வீட்ல செய்யலாமான்னா, அடுக்கு ஒட்டறதுக்கு 1200 டிகிரி பக்கம் சூடு, நல்ல சுத்தியல் வேலை, கொஞ்சம் வருஷ அனுபவம் எல்லாம் வேணும், ஆரம்பத்துல வேணாம். கோடு இருக்கிறதால கத்தி கூடுதலா வெட்டப் போறதும் இல்ல. மலிவு விலையில டமாஸ்கஸ்னு விக்கிறதுல என்ன ஸ்டீல்னே போட்டிருக்க மாட்டாங்க, அதை வாங்கறதுக்கு அந்தக் காசுல ரெண்டு 1084 பட்டை வாங்கிடலாம்.

கேள்வி: கைப்பிடிக்கு என்ன மரம் நல்லது? தேங்காய் எண்ணெய் தடவினா பிசுபிசுன்னு ஆகுது.
வாசகர், நாகர்கோவில்

பதில்: பூவரசு, வாகை, புளியமரத்து வைரம், தேக்கு, எதுவா இருந்தாலும் நல்லா காஞ்சிருக்கணும், அதுதான் முக்கியம். தச்சுப் பட்டறையில மிச்சம் விழற துண்டே ரெண்டு கத்திக்கு ஆகும். தேக்குல இயற்கையாவே எண்ணெய் இருக்கும், ஒட்டறதுக்கு முன்னாடி தின்னர் போட்டு தொடைச்சிடுங்க.

அஞ்சு நிமிஷத்துல இறுகுற பசை வேணாம், மெதுவா இறுகுற சாதா அரால்டைட்தான் நல்லா பிடிக்கும். இரும்பு, மரம் ரெண்டையும் 80 உப்புத்தாளால சொரசொரப்பாக்கி ஒட்டுங்க. கிளாம்ப் போட்டு பலமா நெறிச்சிடாதீங்க, பசையெல்லாம் வெளிய வந்து உள்ள ஒண்ணும் இருக்காது. கூர் பக்கம் பார்த்திருக்கிற மரத்தோட முன் முகத்தை ஒட்டறதுக்கு முன்னாடியே வழவழன்னு தேய்ச்சு முடிச்சிடணும், ஒட்டினப்புறம் அங்க உப்புத்தாள் போட்டா கத்தி மேல கீறல் விழும். ரெண்டு பித்தளை ஆணி கண்டிப்பா வேணும், பசையை மட்டும் நம்ப வேணாம். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது, ஈட்டி மரத்தூள் சிலருக்கு தோல்ல அரிப்பு குடுக்கும், என்95 மாஸ்க் போட்டுக்குங்க.

தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் காயாது, அதான் பிசுபிசுப்பு. ஆளி விதை எண்ணெய் காத்து பட்டு இறுகும். மெல்லிசா தடவி, அரை மணி கழிச்சு மிச்சத்தை துடைச்சு, ஒரு வாரம் விட்டு மறுபடி தடவுங்க. துடைச்ச துணியை சுருட்டி மூலையில போட்டுடாதீங்க, அந்த எண்ணெய் இறுகும்போது சூடு வரும், தானா தீப்பிடிக்கும். விரிச்சு வெளிய காயப்போட்டு, அப்புறமா குப்பையில போடுங்க.

கேள்வி: என் பையன் செஞ்ச கத்தி ரெண்டு நாள்ல கறுத்துப் போச்சு. வாழைப்பூ நறுக்கினா பூவும் கறுக்குது. இதை வச்சு சமைக்கலாமா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமா சமைக்கலாம்மா. உங்க வீட்ல பழைய அருவாமனை இருந்தா எடுத்துப் பாருங்க, அதுவும் இப்படித்தான் கறுப்பா இருக்கும், அதுல நறுக்கித்தான் நாம எல்லாரும் சாப்பிட்டு வளர்ந்தோம். கார்பன் இரும்பு மேல புளிப்பு, துவர்ப்பு பட்டா நீலமும் சாம்பலுமா ஒரு படலம் வரும், அது துரு இல்ல, அதுவே துருவைத் தள்ளி வைக்கும். செம்பழுப்பா, தொட்டா விரல்ல ஒட்டற மாதிரி வந்தா அதுதான் துரு, அதை மட்டும் தேய்ச்சு எடுத்துடுங்க.

வாழைப்பூ, வாழைக்காய், மாங்காய் இதுல எல்லாம் இருக்கிற துவர்ப்பு புது இரும்போட சேர்ந்தா கறுக்கத்தான் செய்யும். படலம் நல்லா படியற வரைக்கும் இதுக்கு மட்டும் எவர்சில்வர் கத்தியை வச்சுக்குங்க. வெட்டி முடிச்ச கையோட கழுவி, துணியால துடைச்சு, நிக்க வைங்க. சிங்க்ல ராத்திரி முழுக்க ஊறக் கூடாது. நாலு நாள் எடுக்கப் போறதில்லன்னா ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைங்க, இரும்புக்கு அது சரிதான். பையன் நல்ல வேலை செஞ்சிருக்கான்னு சொல்லுங்க.

கேள்வி: கத்தி செஞ்சு வீட்ல வச்சிருந்தா போலீஸ் கேப்பாங்களா?
வாசகர், மதுரை

பதில்: ஆயுத விதிகள்ல 9 இன்ச்சுக்கு மேல நீளமோ 2 இன்ச்சுக்கு மேல அகலமோ இருக்கிற கூரான ஆயுதங்களைப் பத்தி சொல்றப்ப, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும்னு செஞ்சதை விலக்கித்தான் வச்சிருக்காங்க. சமையல் கத்தி அதுலதான் வரும். வாள், கட்டாரி வடிவத்துல எதையும் செய்யாதீங்க, செஞ்ச கத்தியை பஸ்ல கொண்டு போறதா இருந்தா உறை போட்டு பைக்குள்ள அடியில வைங்க.

கேள்வி: எட்டாவது படிக்கிற பையனும் கூட சேர்ந்து செய்யணும்ங்கறான். விடலாமா?
வாசகர், திருநெல்வேலி

பதில்: அரம் போடறது, உப்புத்தாள் தேய்க்கிறது, கைப்பிடி மரத்தை வடிவமாக்கறது, இதெல்லாம் குடுங்க, பசங்க பெரியவங்களைவிட நல்லா செய்வாங்க. உலையும் எண்ணெயும் பக்கத்துல நின்னு பார்க்கிறதோட சரி. ஆங்கிள் கிரைண்டர் கண்டிப்பா வேணாம். பளபளப்பாக்க துணி வீல் மாட்டின மோட்டார் வச்சிருந்தா அதை பூட்டியே வைங்க, பார்க்க சாதுவா இருந்தாலும் கத்தி செய்யற இடத்துல அதைவிட ஆபத்தான மெஷின் கிடையாது, கத்தியோட ஓரம் துணியில மாட்டினா கையில இருந்து பிடுங்கி எந்தப் பக்கம் வீசும்னே சொல்ல முடியாது. சுத்துற மெஷின் கிட்ட துணிக் கையுறையும், லூசான சட்டையும், தொங்குற துண்டும் யாருக்குமே கூடாது.

கேள்வி: எல்லாம் முடிஞ்சு கூர் போட்டாச்சு. டெம்பர் சரியா வந்திருக்கான்னு கத்தியை உடைக்காம தெரிஞ்சுக்க முடியுமா?
வாசகர், புதுச்சேரி

பதில்: முடியும். நான் சொன்ன அந்த அமெரிக்கன் பிளேடுஸ்மித் சங்கத்துல உறுப்பினர்கள் அடுத்த தகுதிக்கு உயர்றதுக்கு தேர்வு வைப்பாங்க, தொங்குற கயிறை ஒரே வீச்சுல வெட்டணும், கட்டையை வெட்டணும், அதுக்கப்புறமும் அதே கத்தி கை முடியை வழிக்கணும், கடைசியா வைஸ்ல மாட்டி 90 டிகிரி வளைப்பாங்க. அது பெரிய கத்திக்கு, அதுக்குன்னே செஞ்ச கத்தியில பண்றது. நம்ம காய் கத்திக்கு ஒரு பித்தளைக் கம்பி போதும்.

முதல்ல கூர் சரியா வந்திருக்கணும். 400, 1000, 3000 நம்பர்ல சாணைக்கல்லு மூணு, கோணத்தை மாத்தாம ஒரு பக்கம் தேய்ச்சுக்கிட்டே வந்தா எதிர்ப்பக்கம் நீளம் முழுக்க விரல்ல ஒரு சொரசொரப்பு தட்டுப்படும், பிசிறு. அது முனையில இருந்து கைப்பிடி வரைக்கும் விடாம வந்தப்புறம்தான் மறுபக்கம் திருப்பணும். கடைசியா பெல்ட் தோல்ல இழுத்து பிசிறை எடுத்துடுங்க. நல்லா பழுத்த தக்காளியை அழுத்தாம, கத்தியோட எடையிலயே இறங்குதான்னு பாருங்க.

இப்ப பென்சில் கனத்துல பித்தளைக் கம்பி ஒண்ணை வைஸ்ல படுக்க வைங்க. நல்ல வெளிச்சம் உங்களுக்கு எதிர்ல இருக்கட்டும். கூரோட சரிவை கம்பி மேல வச்சு லேசா அழுத்தினா, கூர் கம்பி பட்ட இடத்துல மெல்ல வளையறது வெளிச்சத்துல ஒரு சின்ன மேடா தெரியும். அப்படியே நீளத்துக்கும் நகர்த்திக்கிட்டே போங்க. வளைஞ்சு வளைஞ்சு நேராகிக்கிட்டே வந்தா டெம்பர் சரி. பொடிப் பொடியா சில்லு விட்டா ரொம்ப கடினம், ஓடிஜியில 220 டிகிரில இன்னொரு ரெண்டு மணி நேரம் வச்சு, கூரை மறுபடி எடுத்து, திரும்ப கம்பியில பாருங்க. வளைஞ்ச இடம் நேராகாம அப்படியே மடிஞ்சு நின்னா, கூர் ரொம்ப மெலிசா போயிடுச்சான்னு முதல்ல அளந்து பாருங்க, அளவு சரியா இருந்தும் மடியுதுன்னா கத்தி சரியா கடினமாகலன்னு அர்த்தம், கைப்பிடியைக் கழட்டிட்டு காந்தத்தையும் உப்பையும் எடுத்துக்கிட்டு திரும்ப உலைக்குப் போக வேண்டியதுதான்.